எறியாத சோடா பாட்டில்

வா மருமகனே, உக்காரு. நாளைக்குக் காலையில மெயின் ரோட்டுல மறியலாம்ல? கேள்விப்பட்டேன். காலிக்குடம் எம்புட்டுத் தேறும்னு பொம்பளைக கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காக. ஆம்பளைக என்ன கணக்குப் போட்டீகன்னு விசாரிச்சேன். ரோடு போடக் கொட்டுன ஜல்லியில நல்லதாப் பாத்து ஒரு சாக்கு நெரப்பி, சாவடிக்குப் பின்னாடி வச்சிருக்கீகளாமே. அம்புட்டும் கைக்கு அடக்கமான கல்லுன்னாங்க. சந்தோசம். தக்காளி வாங்க அனுப்புனா அழுகல் பாக்கத் தெரியாத பய, கல்லை மட்டும் இம்புட்டுப் பதனமாப் பொறுக்கியிருக்கேன்னா எங்க அக்கா வளர்ப்பு வீண் போகல.

நான் தடுக்க வரலப்பா. இந்த வயசுல நான் தடுத்து நீ நிக்கவா போற? எறியுறதுன்னு முடிவாயிட்டா முறையா எறியணும், அதைச் சொல்லித்தரத்தான் கூப்பிட்டேன். ஒரு போராட்டத்தை ஒரே நாள்ல, அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுக்கட்டுறதுக்கு ஒரு வழி இருக்கு. ஆபீசருக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும். நீங்கதான் தெரியாமலே அதுக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்கீக.

காலையில ஏழு மணிக்கு மதுரையிலேர்ந்து செங்கோட்டை போற பஸ் வரும். அதுல யாரு இருப்பா? மதுரை பெரியாஸ்பத்திரியில புருசனைச் சேத்துட்டு, மாத்துத்துணி எடுக்க வீட்டுக்குத் திரும்புற பொம்பளை ஒருத்தி இருப்பா. இராஜபாளையம் மில்லுக்கு ஷிப்டு போற பயலுக நாலு பேரு. தென்காசியில சம்பந்தி வீட்டுக்குப் பால்கோவா டப்பாவோட போற பெரிய மனுசன் ஒருத்தர், அதை மடியிலயே வச்சிருப்பார். பரிச்சைக்குப் போற புள்ள சன்னலோரத்துல உக்காந்து வாயை முணுமுணுத்துக்கிட்டு வரும்.

குடத்தை வரிசையா வச்சு நிறுத்துனீகன்னா மொதல்ல திட்டுவாக. "இவனுகளுக்கு வேற சோலி இல்லை"ன்னு அந்தப் பால்கோவாப் பெரியவர் கண்டக்டர்கிட்டச் சொல்லுவார். பத்து நிமிசம் போகட்டும். மில்லுக்காரப் பய இறங்குவான், பீடி பத்த வைப்பான், குடத்தைப் பாப்பான். காலிக்குடத்துக்கு வாய் இல்லை, ஆனா பேசும். "எத்தனை நாளாக்கா தண்ணி வரலை?"ன்னு கேப்பான். நம்ம பொம்பளைக சொல்லுவாக. "எங்க தெருவுலயும் இதே கதைதான்"ம்பான். அந்தக் கேள்வி அவன் வாயிலேர்ந்து வந்துச்சு பாரு, அங்கனதான் ஒன் மறியல் செயிக்குது. ஆபீசர் வந்து கையெழுத்துப் போடுறதெல்லாம் அதுக்குப் பெறகு நடக்கிற சடங்கு.

இப்ப நீ சாக்கை அவுக்குற. சன்னல் கண்ணாடி உடையுது. பரிச்சைக்குப் போன புள்ள நெத்தியில ரத்தம். கட்டுப் போடத் துணிக்குப் பஞ்சமில்லை, பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி பக்கத்துலதான் இருக்கு. ஆனா அந்த மில்லுக்காரப் பய அதுக்கப்புறம் "எத்தனை நாளாத் தண்ணி வரலை"ன்னு கேக்க மாட்டான். "எவன்டா எறிஞ்சது?"ன்னு கேப்பான். ஒன் கேள்வி போச்சு. இனி ஊரு பூராம் கல்லோட கேள்விதான் சுத்தும்.

நான் என்னமோ கதை விடுறேன்னு நினைக்காத. நம்ம மண்ணுலயே நடந்ததைச் சொல்றேன். 2018 ஜனவரி 7ஆம் தேதி இராஜபாளையத்துல கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பத்தி ஒரு கூட்டத்துல பேசுனார்ல, தினமணி நடத்துன கூட்டம். அதுல ஏதோ ஒரு ஆய்வுக் கட்டுரையில இருந்த வரியை எடுத்துச் சொன்னார். என்ன வரின்னு நான் திருப்பிச் சொல்ல மாட்டேன், அது இப்ப நம்ம சோலி இல்லை. ஊரு கொதிச்சுப் போச்சு. கோதை நாச்சியாரை நம்ம ஊர்ல சாமின்னு மட்டுமா வச்சிருக்கோம்? வீட்டுக்கு மூத்த பொண்ணு மாதிரில்ல. ஆடிப்பூரத் தேரு நிலைக்கு வந்து சேர்ற வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்காத கிழவிகளை எனக்குத் தெரியும். கவிஞர் வருத்தம் தெரிவிச்சார். பத்திரிகையும் வருத்தம் தெரிவிச்சுச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர், சடகோப ராமானுஜ ஜீயர், அது பத்தாது, சந்நிதிக்கு வந்து மன்னிப்புக் கேக்கணும்னு சொல்லி உண்ணாவிரதம் உக்காந்தார்.

அது வரைக்கும் நம்ம டீக்கடையில என்ன பேச்சுங்குற? சாமி கும்புடாத பயலே, "பெரிய மனுசன், ஆண்டாள் ஊருக்குப் பக்கத்துலயே வந்து நின்னு அதைச் சொல்லியிருக்க வேண்டாம்"னான். கருப்புச் சட்டைக்காரர் ஒருத்தர் கூட வாயைத் திறக்காம டீயைக் குடிச்சிட்டுப் போனார். பட்டினி கிடக்கிற சாமியாரை எவன் என்ன சொல்லுவான்?

அந்த மாசக் கடைசியில ஜீயர் சாமி ஒரு கூட்டத்துல பேசுனாக. எங்களுக்கும் கல்லெறியத் தெரியும், சோடா பாட்டில் வீசத் தெரியும்ங்கிற கணக்குல வார்த்தை வந்து விழுந்துருச்சு. முடிஞ்சுது சோலி. அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து தமிழ்நாட்டுல எந்தச் செல்போனைத் திறந்தாலும் சோடா பாட்டில்தான். படம் போட்டான், பாட்டுக் கட்டுனான், கோலி சோடாவுக்கு நாமம் போட்டு அனுப்புனான். ஆண்டாளை யாரு என்ன சொன்னாங்கிறது போயே போச்சு. கவிஞர் பேசுனது சரியா தப்பான்னு மயிர் பிளந்துக்கிட்டு இருந்த ஆளுக, கோலி சோடாவை எந்தக் கோணத்துல எறியணும்னு ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சிட்டாங்க. பெறகு சாமியே வருத்தம் தெரிவிச்சாக. பிப்ரவரியில மறுபடியும் உண்ணாவிரதம் உக்காந்தாக. ஆனா மொத உண்ணாவிரதத்துக்கு இருந்த கனம் ரெண்டாவதுக்கு இல்லை. கவிஞருக்கு என்ன, அவருக்கு ஒரு வாயி சோடா குடிச்ச தெம்பு.

இதுல ஒண்ணைக் கவனி. அந்தச் சாமி ஒரு பாட்டிலும் எறியல. ஒருத்தன் மண்டையும் உடையல. எறியத் தெரியும்னு சொன்னதுதான். எறியாத பாட்டிலுக்கே இம்புட்டுச் சத்தம்னா, நீ ஒரு சாக்கு ஜல்லியை வச்சிருக்க.

ஏன் இப்படி ஆகுதுன்னு கேளு. சனங்க கெட்டவங்க இல்லை, கொஞ்சம் சோம்பேறிக, அம்புட்டுத்தான். நம்ம பக்கத்து நாயையே எடுத்துக்கோயேன். இராஜபாளையம் நாயி, வெள்ளை வெளேர்னு, மூக்கு செவப்பா. ராத்திரி சுவரேறிக் குதிச்ச களவாணிப் பயலை அது தொடையில கவ்விருச்சுன்னு வச்சுக்கோ. மறுநாள் ஊரு எங்க கூடும்? களவு போக இருந்த வீட்டுலயா? ஆஸ்பத்திரியில. ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டுப் போவாக. "எம்புட்டு ஆழமாக் கடிச்சிருக்கு பாரு, பாவம், எத்தனை ஊசியோ"ம்பாக. நாய்க்காரன் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருப்பான். களவாணி எதுக்குச் சுவரேறுனான்னு கேக்க நாலு கேள்வி யோசிக்கணும். காயத்தைப் பாத்து உச்சுக்கொட்ட ஒரு யோசனையும் வேண்டாம். சனங்க எது சுளுவோ அதைப் பண்ணும்.

இன்னொண்ணு ஒனக்குத் தெரியுமோ என்னமோ, நீ அப்பப் பிறக்கல. நம்ம மாவட்டத்துக்குக் காமராஜர் மாவட்டம்னு பேரு இருந்துச்சு. இப்ப ஏன் வெறும் விருதுநகர்னு நிக்குதுன்னு யோசிச்சிருக்கியா? பஸ்ல எறிஞ்ச கல்லுதான் காரணம். 1997ல விருதுநகரைத் தலைமையா வச்சு வீரன் சுந்தரலிங்கம் பேருல ஒரு போக்குவரத்துக் கழகம் ஆரம்பிச்சாங்க. கட்டபொம்மனோட தளபதியா நின்னவர். அவர் என்ன சாதிங்கிற ஒரே காரணத்துக்காக அந்தப் பேரு எழுதுன பஸ்ல ஏற மாட்டோம்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. கல்லு பறந்துச்சு, பஸ்ஸு எரிஞ்சுச்சு, ஊரு ஊராப் பத்திக்கிட்டு உசுரும் போச்சு. கடைசியில அரசாங்கம் என்ன பண்ணுச்சு? எந்தப் பேரும் வேண்டாம்னு மொத்தத்தையும் அழிச்சிருச்சு. சேரன் போனார், சோழன் போனார், பாண்டியன் போனார். கட்டபொம்மன், மருதுபாண்டியர், ராணி மங்கம்மாள், எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்குனாங்க. மாவட்டத்துக்கு வச்ச பேரையும் விடல. காமராஜர் பேரும் போச்சு, பசும்பொன் தேவர் பேரும் போச்சு.

எறிஞ்சவன் கேட்டது நடந்துச்சேன்னு சொல்லுவ. நடந்துச்சு, இல்லைங்கல. ஆனா அவன் கும்பிடுற பேரும் சேந்துல்ல போச்சு! கல்லை எறிஞ்சா திருப்பி அது எங்க விழும்னு அதுக்கே தெரியாது. அந்த வருசத்துல இன்னொண்ணும் பாத்தேன், அதை ஒனக்குத் தனியாச் சொல்லணும். ஒரே கல்லுக்கு ரெண்டு எடை உண்டு மருமகனே. நிலம் நீச்சு இருக்கிறவன் தெருவுலேர்ந்து வந்தா "இளவட்டங்க, ஏதோ உணர்ச்சி வேகம்"னு எழுதுவான். இல்லாதவன் தெருவுலேர்ந்து வந்தா "கலவரம்"னு எழுதுவான், ராத்திரியே வீடு வீடாக் கதவைத் தட்டுவான். நம்ம தெரு எந்தத் தட்டுல நிக்குதுன்னு எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். அடுத்தவன் எறிஞ்சு தப்பிச்சான்னு நீ எறியாத. அவன் தராசு வேற.

வடக்க 1987ல வன்னியர் சங்கத்துக்காரங்க மறியல் பண்ணுனாங்க. செப்டம்பர் 17லேர்ந்து ஒரு வாரம். அவங்க கேட்டதுல நியாயம் இல்லைன்னு நான் சொல்லமாட்டேன், படிப்புலயும் வேலையிலயும் பங்கு கேட்டாங்க. 21 பேர் உசுரை விட்டாங்கப்பா, சும்மாவா? 1989ல மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம்னு கிடைக்கவும் செஞ்சுச்சு. ஆனா நம்ம பக்கத்து ஆளுககிட்ட அந்த மறியலைப் பத்திக் கேட்டுப்பாரு. செத்த 21 பேரைப் பத்தி ஒருத்தனுக்கும் தெரியாது. ரோட்டை மறிக்க மரத்தை வெட்டிப் போட்டாங்கங்கிறது மட்டும் எல்லாருக்கும் தெரியும். மரம்வெட்டின்னு ஒரு பட்டம் கட்டுனான் பாரு, அது முப்பது வருசம் கழிச்சும் மேடையில ஏறுது. பெறகு அந்தச் சங்கத்து டாக்டர் ராமதாஸ் 1995ல பசுமைத் தாயகம்னு ஆரம்பிச்சு ஊரு ஊரா மரம் நட்டார். நல்ல காரியம்தான். வெட்டுனது ஒரு வாரம், நட்டுக்கிட்டு இருக்கிறது இன்னும் முடியல. கேட்டது கிடைச்சுது, பேரு கிடைக்கல. ரெண்டும் வேற வேறன்னு அங்கன தெரிஞ்சுக்கிட்டேன்.

என்ன முறைக்குற? தெரியும், நீ என்னத்தைத் தூக்கிட்டு வருவேன்னு. "1965 இந்தி எதிர்ப்புல பத்தவச்சதுனாலதானே 67ல ஆட்சி மாறுச்சு"ம்ப. ஒங்க சங்கத்துக்காரன் எல்லாம் இதைத்தான் மொதல்ல எடுப்பான். சரி, அதையும் பாத்துருவோம், நம்ம ஜில்லாக் கதைதானே அது. 1967ல விருதுநகர்ல காமராஜரையே பெ. சீனிவாசன்னு ஒரு மாணவர் தலைவர் செயிச்சார். 1,285 ஓட்டு வித்தியாசம். சின்னப் பிள்ளையா இருந்தோம், பெரியவங்க திண்ணையில பேச்சு மூச்சில்லாம உக்காந்திருந்தது இன்னும் கண்ணுல நிக்குது. பள்ளிக்கூடமும் சோறும் போட்ட மனுசன்ல.

அந்த 1,285 ஓட்டு ரயிலைக் கொளுத்துனதுக்கு விழுந்ததா? மதுரையில ஆரம்பிச்ச தகராறு தமிழ்நாடு பூராம் பரவுச்சு, நிசம். தபாலாபீசும் ரயில் பெட்டியும் எரிஞ்சுது. திருப்பூர்ல ரெண்டு போலீசுக்காரங்களை எரிச்சே கொன்னாங்க. அண்ணாதுரையே போதும் நிறுத்துங்கப்பான்னுதான் மாணவர்களைக் கேட்டுக்கிட்டார், தெரியுமா ஒனக்கு? சனங்க மனசுல நின்னது அதுவா? அதுக்கு முந்துன வருசம் திருச்சியில தன்னையே கொளுத்திக்கிட்ட கீழப்பழுவூர் சின்னச்சாமி நின்னார். துப்பாக்கிச் சூட்டுல செத்தவங்க நின்னாங்க, அரசாங்கக் கணக்கே 70 பக்கம். அடுத்தவனைக் கொளுத்துனவன் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. தன்னைக் கொளுத்திக்கிட்டவர் பேருக்கு இன்னைக்கும் மாலை விழுது. கொளுத்திக்கோன்னு சொல்லவரல, எங்க அக்கா என்னை வெட்டிப் போட்டுருவா. கணக்கைச் சொல்றேன்.

இன்னொண்ணு, அந்தத் தேர்தல்ல அரிசி இருந்துச்சு. ரேசன்ல வரிசையில நின்னு நொந்துபோன சனத்துக்கிட்ட ரூபாய்க்கு மூணு படின்னு சொல்லி ஓட்டுக் கேட்டாங்க. வயித்துப் பசிக்கு விழுந்த ஓட்டையெல்லாம் கல்லுக்குக் கணக்கெழுதக் கூடாது. செயிச்சவன் எப்பவும் கல்லை மட்டும்தான் ஞாபகம் வச்சுக்குவான், அது வீரமா இருக்கும். வரிசையில நின்னது வீரமா இருக்காது.

நம்ம வாத்தியார் மக இருக்கால்ல, மதுரையில பெரிய படிப்புப் படிக்கிறவ. அவகிட்ட இதைச் சொல்லப்போக, "தாத்தா, இதையெல்லாம் அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க"ன்னா. எனக்குச் சிரிப்பு, நம்ம டீக்கடையில ஓசியாக் கிடைக்கிறதுக்கு அவனுக டாலர் செலவழிக்கானுக. ஆனா சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. ஒமர் வாசோன்னு ஒரு ஆளு, 2020ல வெளியிட்டிருக்கார். 1960கள்ல அங்க கறுப்பினத்து மக்கள் உரிமை கேட்டுப் போராடுனாங்கள்ல, அப்ப எந்த ஊர்ப்பக்கம் எப்படிப் போராட்டம் நடந்துச்சு, அக்கம்பக்கத்துல வெள்ளைக்காரங்க ஓட்டு எங்க போச்சுன்னு ஒட்டிப் பாத்திருக்கார். அமைதியா ஊர்வலம் போய் போலீசுகிட்ட அடி வாங்கின இடத்துல, பத்திரிகை மொதப் பக்கத்துல "உரிமை"ன்னு செய்தி. இவங்களே கடையை உடைச்ச இடத்துல "சட்டம் ஒழுங்கு"ன்னு செய்தி. பேச்சு மாறுனா ஓட்டும் மாறும். 1968ல மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக்கொன்ன பெறகு ஊரெல்லாம் எரிஞ்சுது. அந்த வருசம் சட்டம் ஒழுங்கைக் காப்பாத்துறேன்னு சொல்லிக்கிட்டு வந்த நிக்சன் செயிச்சார். எரிச்சவன் துக்கம் நியாயமான துக்கம்தான், அதை யாரு இல்லைங்கா? ஆனா லாபம் யாருக்குப் போச்சு?

இன்னொருத்தர், எரிக்கா செனோவெத். அவங்களும் மரியா ஸ்டெஃபனும் சேந்து 1900லேர்ந்து 2006 வரைக்கும் உலகத்துல ஆட்சியை மாத்தணும், நாட்டை விடுவிக்கணும்னு நடந்த 323 இயக்கங்களை எடுத்துப் பாத்திருக்காங்க. ஆயுதம் எடுக்காதது நூத்துக்கு 53 செயிச்சுது, எடுத்தது 26. பாதிக்குப் பாதி. ஏன்னா ஆயுதம் எடுக்காத கூட்டத்துல கிழவியும் வருவா, கைப்பிள்ளைக்காரியும் வருவா. கல்லெறியுற கூட்டத்துக்கு ஓடத் தெரிஞ்சவன்தான் வருவான். நாளைக்கு ஒன் மறியலுக்கு எங்க அக்கா வருவாளா? சாக்கைப் பாத்தா வீட்டுக்குத் திரும்பிருவா, முட்டி வலிக்காரி.

மறைச்சா நான் மாமன் இல்லை. எதிர்க்கணக்கும் இருக்குன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. 1992ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ரோட்னி கிங்னு ஒருத்தரை அடிச்ச போலீசுக்காரங்களை விட்டுட்டாங்கன்னு ஊரே எரிஞ்சுது. 50க்கும் மேல உசுரு போச்சு. அதுக்கப்புறம் அந்த ஊர்ல பள்ளிக்கூடத்துக்குக் காசு ஒதுக்கலாம்னு ஓட்டுப் போட்டவங்க கூடியிருக்காங்க. ஆக, கல்லு எப்பவும் தோக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். காது கேக்காத அரசாங்கத்துக்குச் சில நேரம் கண்ணாடி உடையுற சத்தம் மட்டும்தான் கேக்கும். ஆனா குழாயில தண்ணி வரலைங்கிறதுக்கு ஊரை எரிக்கிற அளவுக்கு நம்ம கிட்ட ஊரு இல்லை. இருக்கிறதே நாலு தெரு.

இப்பக் கொஞ்சம் கேலியை ஓரமா வச்சுட்டுச் சொல்றேன். தூத்துக்குடி ஒனக்கு நல்லா ஞாபகம் இருக்கும். ஸ்டெர்லைட் ஆலை வேண்டாம்னு 2018 பிப்ரவரியில உக்காந்தவங்க. மே 22, நூறாவது நாள். கலெக்டர் ஆபீசுக்கு நடந்தாங்க. வண்டி எரிஞ்சுது, துப்பாக்கி வெடிச்சுது, 13 பேர் செத்தாங்க. அடுத்த வாரமே ரஜினிகாந்த் வந்துட்டுப் போய்ச் சமூக விரோதிகள் உள்ள புகுந்துட்டாங்கன்னார். பாத்தியா, செத்தது 13 பேரு, பேச்சு யாரு வண்டியை எரிச்சதுன்னு. ஆனா அந்தப் பேச்சு அங்கன வேகல. ஆஸ்பத்திரியில அடிபட்டுக் கிடந்த பையன் அவரையே "யாரு நீங்க?"ன்னு கேட்டான்ல. ஏன் வேகலைன்னா, முந்துன 99 நாள் இருந்துச்சு. பந்தல்ல புள்ளையும் குட்டியுமா உக்காந்திருந்ததை ஊரே பாத்திருந்துச்சு. அது சேத்துவச்ச பணம், ஆபத்துக்கு உதவுச்சு. பெறகு நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமும் போலீசு மேலதான் குத்தம்னு எழுதுச்சு. ஆலையையும் பூட்டிட்டாங்க. போன 13 பேரு வரல.

ஒனக்கு என்ன சேத்துவச்சிருக்கு? நாளைக்குத்தான் மொத நாளு. மொத நாளே கடன் வாங்கப் போற.

மெரினாவையும் ஒரு தடவை நினைச்சுப்பாரு. 2017 ஜனவரியில சல்லிக்கட்டுக்காகக் கூடுன கூட்டம். குப்பையைப் பொறுக்குனாங்க, பொம்பளைப் புள்ளைக ராத்திரி பயமில்லாம இருந்துச்சுன்னு சொன்னாங்க. ஆறு நாள் ஒரு கல்லு இல்லை. அலங்காநல்லூர்லயும் அப்படித்தான். தமிழ்நாடே சோறு பொங்கி அனுப்புச்சு. 23ஆம் தேதி சட்டசபையில சட்டம் நிறைவேறுது, அன்னைக்குக் காலையிலயே கடற்கரையைக் காலி பண்றாங்க. ஐஸ் ஹவுஸ் போலீஸ் ஸ்டேசன்ல தீ, நடுக்குப்பத்து மீன் மார்க்கெட்டுல தீ. உடனே டிவியில சமூக விரோதி, தேசத்துரோகின்னு ஆரம்பிச்சாங்க. அந்நேரம் யாரோ ஒரு புண்ணியவான் மாடியிலேர்ந்து செல்போன்ல எடுத்திருந்தான், காக்கிச் சட்டையே வண்டிக்குத் தீ வைக்கிறதை. அந்தப் படம் மட்டும் இல்லைன்னா ஆறு நாள் பேரும் அரை நாள்ல போயிருக்கும்.

இதுலேர்ந்து ஒண்ணு விளங்கிக்கோ. எதுத்தாப்புல நிக்கிறவனுக்கு ஒன் கல்லு வேணும். நீ எறியலைன்னா அவன் வருத்தப்படுவான். ரொம்ப வருத்தம் தாங்கலைன்னா ஒனக்காக அவனே ஒண்ணு எறிஞ்சுக்குவான். நீ பாட்டுக்குச் சொந்தச் செலவுல ஒரு சாக்குக் கொண்டுபோய்க் குடுத்தா, அவன் வேலை மிச்சம்.

ஆகையால அந்தச் சாக்கை இன்னைக்கு ராத்திரியே கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து வாசல்ல இருக்கிற குழியில கொட்டிரு. புள்ளைக விழுந்து எந்திரிக்குதுக. பெறகு காலையில வெள்ளன போயி, ஆம்புலன்சு வந்தா நாலு குடத்தை நகட்டி வழி விட ரெண்டு ஆளை நிப்பாட்டு, விடும்போது எல்லாரும் பாக்குற மாதிரி விடு. பரிச்சைக்குப் போற புள்ளைகளை ஒன் பைக்குல கொண்டுபோய் எறக்கு. பஸ்ல இருக்கிறவங்களுக்கு மோர் குடு. தண்ணிக்கு மறியல் பண்ற ஊரு மோர் குடுக்குதுன்னா அதுவே போட்டோ. முகந்தெரியாத பய எவனாவது ஒன் பக்கத்துல வந்து "என்னண்ணே சும்மா நிக்கீக, ரெண்டு போடுங்க"ன்னு கல்லை நீட்டுனா, கல்லை வாங்காத, தோள்ல கையைப் போட்டு எந்த ஊருப்பான்னு கேளு, அப்படியே சேத்து ஒரு செல்பி எடுத்துக்கோ. நல்லவனா இருந்தா சிரிப்பான். மத்தவனா இருந்தா அப்புறம் தேடுனாலும் ஆளு கிடைக்க மாட்டான்.

மைக்கை மட்டும் ஒன் கூட்டாளி, அந்தச் சினிமா வசனக்காரன் கையில குடுத்துராத. வாயில வர்ற சோடா பாட்டிலைத் தடுக்க யாராலயும் முடியாது.

ஆபீசர் வந்து ரெண்டு நாள்ல சரிபண்ணுறோம்பார். எந்த ரெண்டு நாள்னு கேளு. தேதி போட்டு எழுதி வாங்கு, வாங்குன காயிதத்தை நாலு பேரு போட்டோ எடுக்கட்டும். வரலைன்னா திங்கக்கிழமை விருதுநகர்ல கலெக்டர் ஆபீஸ் மனுநாளு, அதே குடத்தோட போவோம். இன்ஸ்பெக்டர் வந்து "யாரு இங்க தலைமை?"ன்னு கேப்பார், நீ மீசையை முறுக்கிக்கிட்டு முன்னால போய் நிக்காத. ஒன் ஆத்தாவைக் கை காட்டு. கல்யாணத்துக்கு எங்க அப்பன் போட்ட நகைக் கணக்கை இன்னும் என்கிட்டத் தேதிவாரியாச் சொல்றவ அவ, இருபது நாள் தண்ணிக் கணக்கு அவளுக்கு எம்மாத்திரம்?

எந்திரி, நேரமாச்சு. எங்க வீட்டுல பிளாஸ்டிக் குடம் ரெண்டு இருக்கு, போறப்ப எடுத்துட்டுப் போ. பேரு எழுதியிருக்கு, மத்தியானம் ஞாபகமாத் திருப்பிக் கொண்டாந்துரு. போன மறியலுக்குக் குடுத்த குடமே இன்னும் வந்து சேரல, ஒங்க அத்தை அதைக் கேட்டு என்னை வீட்டுக்குள்ளயே மறியல் பண்ணிக்கிட்டு இருக்கா.